ஆடு படுக்காத காடு

1

காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதல் வேலை, முந்தின நாள் வைத்த மண்ணை உலர்த்தும் அடுப்பிலிருந்து எடுப்பதுதான். ஜெர்மனிக்கு வந்து மொழி கொஞ்சம் பிடிபட்ட நாளிலிருந்து இதே வேலை. கதவைத் திறந்தால் சூடான காற்று முகத்தில் அடிக்கும், கொஞ்சம் தூசி வாசனை வரும், அவ்வளவுதான். போன ஐப்பசியில் ஒரு நாள் திறந்தேன், குப்பென்று ஆட்டு வாடை அடித்தது.

பக்கத்து மேசை உர்சுலா மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டாள். எதுவும் சாகவில்லை. வெயிலில் காய்ந்த ஆட்டு மூத்திரமும் கரிசல் புழுதியும் சேர்ந்த வாடை அது. நாகலாபுரத்தில் பிறந்த எனக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அது அந்தத் தட்டிலிருந்து வந்திருக்கக் கூடாது. ஏனென்றால் தட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், என் மகள் காவ்யாவின் கையெழுத்தில், ஆடே படுக்காத நிலத்தின் எண் இருந்தது.

காவ்யா நான் வேலை பார்க்கும் துறையிலேயே முதுகலை படிக்கிறாள். அவள் ஆய்வுக்காக எங்கள் ஊரிலிருந்து வரவழைத்த மண் அது. அதே நிலத்தில் இரண்டடி ஆழத்திலிருந்து எடுத்த பொட்டலம் ஒன்றை நானே சல்லடையில் போட்டுச் சலித்தேன். எல்லாம் இறங்கியபின் சல்லடைமேல் பாதி உடைந்த ஆட்டுப்புழுக்கை ஒன்று நின்றது. அதை எடுத்துத் தனியாக வைத்தேன்.

2

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குக் கிடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் கோடையில், ஆட்டு மந்தையை ராத்திரி அந்த நிலத்தில் படுக்கப் போடுவார்கள். இதுதான் கிடை போடுவது. ஆடு போட்டதும் பெய்ததும் நிலத்துக்கு உரம். எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. நிலம் யாருடையதோ அவர் கையால் கிடைக்காரருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அழைக்க வேண்டும். அழைக்காத காட்டில் ஆட்டை இறக்க மாட்டோம். காடு என்றதும் மரமும் புலியும் நினைத்துவிடாதீர்கள், மழையை நம்பி விதைக்கும் நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்லுவோம்.

காவ்யாவின் கேள்வி சின்னது. வருடா வருடம் கிடை போட்ட கரிசலுக்கும் போடாத கரிசலுக்கும் மண்ணில் என்ன வித்தியாசம்? அதற்கு இரண்டு நிலம் வேண்டும். இரண்டிலும் ஒரே பயிர், ஒரே மழை. ஒன்றில் ஆடு படுத்திருக்க வேண்டும், மற்றொன்றில் படுத்திருக்கக் கூடாது. அந்த இரண்டாவதற்கு ஒப்பீட்டு நிலம் என்று பெயர்.

என் தம்பி மாரிச்சாமி நாகலாபுரத்தில் இன்னும் விவசாயம் பார்க்கிறான். அவன் இரண்டு இடம் காட்டினான். வீட்டை ஒட்டிய காடு, அங்கே எங்கள் அப்பா காலத்திலிருந்து கிடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மூலை, கரை செங்குத்தாக இருப்பதால் மந்தையை அங்கே ஓட்டியதே இல்லை. காவ்யா முதலில் போய்ப் பார்த்து, முளை அடித்து, கயிறு கட்டி, "மாமா, நான் ஆனி மாதம் வரும்வரை இந்த மூலையில் எதையும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனியில் போனாள், கரிசல் வாய் பிளந்து கிடந்த நேரம், துளைப்பானை இறக்கி மண் எடுத்தாள். அவள் குறிப்பில் ஒரு வரி உண்டு: ஒப்பீட்டு நிலத்தின் மேற்பரப்பு மிகவும் சுத்தமாக உள்ளது. அதைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோடையில் எந்தக் கரிசல்காடு சுத்தமாக இருந்திருக்கிறது?

3

அந்த மண் இங்கே வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது.

வெளிநாட்டு மண்ணை ஐரோப்பாவுக்குள் சும்மா கொண்டுவர முடியாது. அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு இணைப்பு, இணைப்புக்கு மொழிபெயர்ப்பு. எல்லாம் வாங்கி, கோவில்பட்டியிலிருந்து கூரியரில் அனுப்பும்படி மாரியிடம் சொன்னோம். அவன் நல்ல கெட்டியான அட்டைப்பெட்டியாகத் தேடிப் பிடித்து அனுப்பினான். தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வாங்கிய பெட்டி. வெளியே பெரிதாகத் தீப்பெட்டிப் படம், தீக்குச்சி, சுவாலை எல்லாம் அச்சடித்திருக்கிறது!

சுங்கத்துறை அதைத் தனியறையில் வைத்துப் பூட்டிவிட்டது. நானும் காவ்யாவும் போய் நின்றோம். அதிகாரி நல்ல மனிதர், ஆனால் சிரிக்கத் தெரியாதவர். "பெட்டியில் என்ன?" மண். "பெட்டியின் மேல்?" தீப்பெட்டி. "மண்ணைத் தீப்பெட்டி என்று ஏன் எழுதியிருக்கிறது?" எங்கள் ஊரில் நல்ல பெட்டி என்றால் அதுதான் என்று சொன்னேன். அதை ஜெர்மன் மொழியில் சொல்லும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை. இத்தனை வருடம் ஆகியும், அதிகாரி முன்னால் நின்றால் என் ஜெர்மன் முதல் வருடத்து ஜெர்மனாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இதில் விலங்குக் கழிவு ஏதும் உண்டா? இல்லை என்று காவ்யா அடித்துச் சொன்னாள். கிடை போட்ட நிலத்தில் கோடைப் புழுக்கையை ஒதுக்கிவிட்டுத்தான் மண் எடுத்திருந்தாள். மற்ற நிலத்தில் ஆடே இல்லையே! கையெழுத்தும் போட்டாள்.

4

புழுக்கை கிடைத்த அன்று மதியம் ஆய்வுக்கூடத்தின் பின்வாசலில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே மாரி, ஓடைக்கு அந்தப் பக்கத்து மூலையில ஆடு எதுவும் படுத்துச்சா?"

"அது எப்பிடிக்கா ஒனக்குத் தெரியும்?" அவன் குரலில் பயமே இல்லை, சந்தோஷம். "மண்ணு நல்லா வந்திருக்கா?"

"தொடக் கூடாதுன்னு காவ்யா சொல்லிட்டுத்தானல போனா?"

"தொடலியே. உழுதேனா? உரம் போட்டேனா? கிடைக்காரரு இங்கன மேக்கால இருந்தாரு. அண்ணாச்சி, ரெண்டு மூணு ராத்திரி அங்கன போட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். கரைய வெட்டிப் பாதை போட்டுக் குடுத்தேன். ஆடுதான படுத்துச்சு, நானா படுத்தேன்?"

"எதுக்குல?"

"என்ன இப்பிடிக் கேக்க? வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுக பாக்கப் போறாவ. ரெண்டு காட்டையும் பக்கத்துல வச்சு, இது நல்ல மண்ணு, இது நோஞ்சான் மண்ணுன்னு எழுதுவாவளாம், நம்ம பிள்ள பேரப் போட்டு. வீட்டுல ரெண்டு பொம்பளப்பிள்ள இருக்கு, பொண்ணு பாக்க வாராவ. ஒருத்திக்குப் பூ வச்சிட்டு, இன்னொருத்தியத் தலை சீவாம கொண்டுபோயி நிறுத்துவியா நீ?"

மேற்பரப்பு மிகவும் சுத்தமாக உள்ளது என்று காவ்யா எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பெருக்குனது யாரு?"

"செல்விதான்." செல்வி அவன் மனைவி. "பிள்ள வந்து நிக்கும்போது புழுக்கையாக் கிடந்தா அசிங்கமா இருக்காதா? வாரியல எடுத்துட்டுப் போயி மூலை மூலையாப் பெருக்குனா, பாவம். வெடிப்புக்குள்ள விழுந்தத என்ன செய்ய முடியும் சொல்லு."

வெடிப்புக்குள் விழுந்ததுதான் என் சல்லடையில் நின்றது. கோடைக் கரிசலின் வெடிப்பில் முழங்கை வரை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே இருப்பது எவ்வளவு ஆழம் போகும் என்று. மழை வந்ததும் மண் உப்பி வாயை மூடிக்கொள்ளும். உள்ளே போனது உள்ளேதான். மண் நூல்களில் கரிசல் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண் என்று எழுதியிருப்பார்கள், அதற்கு இதுதான் அர்த்தம்.

5

காவ்யாவிடம் சொல்ல வேண்டும். அவள் அப்போது முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தாள். முன்பே அளந்த பொட்டலங்களில் கரையும் நைட்ரஜன் அளவு இரண்டு நிலத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், கிடை போட்ட நிலத்துக்கும் போடாத நிலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதியும் வைத்திருந்தாள்.

நான் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் நேரத்துக்குப் பட்டம் வாங்குவாள், அடுத்த ஆய்வுக்கான உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் அந்த வரி அச்சில் ஏறும். இன்னொருவர் அதை மேற்கோள் காட்டுவார், அவரை மற்றொருவர். கடைசியில் எங்கள் பக்கத்துக் கிடைக்காரர் ஒருவரிடம் போய், உம்ம ஆட்டால் நிலத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லையாம், ஜெர்மனியில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்லுவார்கள். நினைக்கவே எரிச்சலாக இருந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் புழுக்கையைக் காகிதத்தில் மடித்து அவள் முன்னால் வைத்தேன்.

என் மகள் சாதாரணமாகப் பேசும்போது தமிழ், கோபம் வந்தால் ஜெர்மன். அன்று ஒரு மணி நேரம் ஜெர்மன்தான். மாமா ஏன் பொய் சொன்னார்? அவன் பொய் சொல்லவில்லை, நீ கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், மாற்றாதே என்றால் மாற்றக் கூடாது! அவள் சொன்னதும் நியாயம்தான். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் தம்பிமேலும் கோபம் வரவில்லை, அவள்மேலும் கோபம் வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

காவ்யாவின் பேராசிரியரோ, ஒரு தாயின் மூக்கை ஆதாரமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, அளந்து பார்ப்போம் என்றார். நைட்ரஜனில் லேசானது, கனமானது என்று இரண்டு வகை உண்டு. ஆட்டு மூத்திரம் வெயிலில் காயும்போது லேசானது ஆவியாகப் பறந்துவிடும், கனமானது மண்ணில் தங்கும். வருடக்கணக்காக ஆடு படுத்த மண்ணில் கனமானதன் பங்கு கூடியிருக்கும். வீட்டை ஒட்டிய காட்டில் அது நன்றாகத் தெரிந்தது. ஓடை மூலையில் அங்கங்கே மட்டும், அதுவும் வெடிப்பு இறங்கிய இடங்களில், திட்டுத் திட்டாகத் தெரிந்தது. உர்சுலா என் மூக்குக்குச் சம்பள உயர்வு கொடுக்க வேண்டும் என்றாள்.

ஓடை மூலை ஆய்விலிருந்து வெளியே போயிற்று. ஒப்பீட்டு நிலம் இல்லாமல் ஆய்வே இல்லை. அவகாச நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டோம். அதில் காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். ஒப்பீட்டு நிலத்தில் ஆடுகள் உறங்கிவிட்டன என்று காவ்யா எழுதினாள். மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும் என்று பதில் வந்தது. மறுபடி கடிதம், மறுபடி பதில், கடைசியில் பேராசிரியரே நேரில் போய்ப் பேசி ஒரு பருவம் வாங்கித் தந்தார்.

6

காவ்யா தன் மாமாவுக்குப் போன் போட்டாள். அவள் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். "மாமா, நீங்கள் ஏன் ஆடுகளை அங்கே கொண்டு சென்றீர்கள்? அந்த நிலம் மெலிந்து இருந்தால்தான் என்னால் எதையும் நிரூபிக்க முடியும்" என்றாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். மாரிக்கோ கோர்ட்டில் நிறுத்தி விசாரித்தது மாதிரி இருந்திருக்கிறது.

"நான் கெடுத்துட்டேனா தாயி?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு பல நாள் எங்கள் போனை எடுக்கவில்லை. செல்விதான் எடுப்பாள். "அவிய காட்டுக்குப் போயிருக்காவ மதினி" என்பாள். பின்னால் அவன் இருமுவது கேட்கும்.

கார்த்திகையில் அவனே கூப்பிட்டான்.

"ஏக்கா, ஒரு சந்தேகம். விதைச்சிருக்கணும், ஆனா கிடையே போட்டிருக்கக் கூடாது. அப்பிடி ஒரு காடுதான வேணும்?"

"ஆமா."

"ஒண்ணு இருக்கு. நெசமாவே ஆடு படுக்காத காடு. நீ போன நாள்லருந்து ஒரு ராத்திரி கூடப் படுக்கல."

"யாரு காடுல?"

"ஒன் காடுதான்."

எனக்குப் புரியவில்லை. அப்பா போனபின் பங்கு பிரித்ததும், கிழக்கே எனக்கென்று ஒரு துண்டு ஒதுக்கியதும், நான் விமானம் ஏறியதும் ஒரே வருடத்தில் நடந்தவை. அதை அவன் தன் காட்டோடு சேர்த்துக்கொண்டிருப்பான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அப்படிச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டிருந்தால் எழுதியே கொடுத்திருப்பேன்.

"தரிசாப் போட்டிருக்கியா?"

"தரிசா ஏன் போடுதேன்? வருசா வருசம் உளுந்து போடுதேன். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன் கையில குடுத்து விடுதேம்லா, அது பின்ன யாரு காட்டு உளுந்துன்னு நெனச்ச?"

ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்தில் எடை பார்க்கும்போது நான் திட்டிக்கொண்டே தூக்கிவைக்கும் உளுந்துப் பை அது. தம்பி பாசத்தில் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். முதலில் சாக்கில் கொடுத்தான், பிறகு பெரிய பை, அப்புறம் சின்னப் பை. கடைசியாகப் போனபோது ஒரு மஞ்சள் பையில் பாதிக்குத்தான் இருந்தது. "என்னல, வரவரக் கஞ்சனா ஆயிட்ட?" என்று கேலி செய்தேன். அவன் சிரித்துக்கொண்டே பையின் வாயைக் கட்டிக் கையில் கொடுத்தான்.

"ஒன் காட்டுக்கெல்லாம் கிடை போடுத, என் காட்டுக்கு மட்டும் ஏன்டா போடல?"

"நிலத்துக்காரவுக கையால வெத்தலை வைக்காம கிடைய எப்பிடி எறக்க முடியும்? அது நான் செய்யுற காரியமா? நீ வருவ, வைப்பன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ வாரது மார்கழில, பிள்ளைக்கு லீவுன்னு. கிடை போடுறது கோடையிலல்லா."

உன் கையால வையின்னு ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று கத்தினேன். அதை நான் எப்படிக்கா கேட்பது என்று அவன் மெதுவாகச் சொன்னான். உண்மைதான், எங்கள் வீட்டில் அதைக் கேட்பதே, உன் காட்டை எனக்குக் கொடு என்று கேட்பது மாதிரி.

7

பங்குனியில் காவ்யா தனியாக ஊருக்குப் போய் என் காட்டில் மண் எடுத்தாள். வீட்டை ஒட்டிய காட்டிலும் மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை மாரிக்கு வெற்றுப் பெட்டி இங்கிருந்தே கொடுத்துவிட்டேன்.

முடிவு சித்திரையில் வந்தது. பேராசிரியர் இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை எதிர்பார்க்கவில்லை என்றார். கிடை போட்ட காட்டில் கரிமமும் நைட்ரஜனும் மேலிருந்து ஆழம் வரைக்கும் கூடியிருந்தன, வெடிப்பு போன ஆழம் வரைக்கும். என் காட்டில் எதுவும் இல்லை. ஆடு படுத்த அடையாளம் ஒரு பொட்டலத்தில்கூட இல்லை. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே பயிர், ஒரே தம்பியின் உழவு. ஒரே ஒரு ஜோடி நிலத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் பேசக் கூடாது என்று காவ்யா எச்சரிக்கையாக ஒரு பத்தி எழுதியிருக்கிறாள், அதுவும் சரிதான். ஓடை மூலையையும் அவள் மறைக்கவில்லை, என்ன நடந்தது என்று தனியாக எழுதிவிட்டாள், வாரியல் உட்பட.

அந்த ஆய்வேட்டில் நிலங்களைப் பற்றிய அட்டவணை ஒன்று உண்டு. சரிபார்க்க என்னிடம் கொடுத்தாள். என் காட்டுக்கு நேரே, நில வரலாறு என்ற கட்டத்தில், இப்படி எழுதியிருந்தாள்: ஆண்டுதோறும் உளுந்து. கிடை இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில்.

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். காவ்யா, "ஏதாவது தப்பா அம்மா?" என்றாள். தப்பில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எண்ணிக்கொண்டிருந்த பொட்டலங்களை எங்கே விட்டேன் என்று தெரியாமல் முதலிலிருந்து எண்ணினேன்.

மறுவாரம் பேராசிரியரின் மின்னஞ்சல் வந்தது. இப்படி ஒரு ஒப்பீட்டு நிலம் கிடைப்பது அபூர்வம், இன்னும் பத்து வருடத்துக்கு இதை அப்படியே வைத்திருக்கும்படி உரிமையாளரிடம் கேட்க முடியுமா என்று. காவ்யா ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு வந்து அதைத் தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டினாள்.

"அவருக்கு வேணும்னா அவரு தோட்டத்தைப் பட்டினி போடச் சொல்லு" என்றேன்.

"அம்மா!"

"அப்படியே மொழிபெயர்த்து எழுது. இந்தக் கோடையில நான் ஊருக்குப் போறேன்."

அவள் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, கிடைக்கு முன்னாலும் பின்னாலும் அதே நிலத்தில் மண் எடுத்தால் அதுவும் நல்ல ஆய்வுதான் என்று பேராசிரியருக்கு எழுதினாள். "நானும் உங்களுடன் வருகிறேன். ஆனால் மாமா இந்த முறை எதையும் சுத்தம் செய்யக் கூடாது" என்றாள்.

உடனே போன் போட்டேன்.

"ஏலே மாரி, வைகாசில வாரேன். கோடையிலதான், லீவு சொல்லிருதேன். கிடைக்காரருட்ட சொல்லி வையி. வெத்தலை பாக்கு நான் வந்து வாங்கிக்கிடுதேன், நீ வாங்கிராத."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எத்தன ராத்திரிக்கா போடணும்?"

"எத்தன ராத்திரி படுக்குமோ படுக்கட்டும்."

"சரிக்கா." கொஞ்சம் பொறுத்து, "காவ்யாட்ட சொல்லிரு. செல்விட்டருந்து வாரியல வாங்கி வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிருதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. உர்சுலா எழுந்து வந்து யாருக்கு என்ன என்று கேட்டாள். என் காட்டில் ஆடு படுக்கப்போகிறது என்று சொன்னேன்.